கான்வென்ட் படிப்புக்கு வழி போட்ட மேரி வார்டு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது கல்லூரி நினைவுகளைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக் கூடியவர்கள் நம் செட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். கல்லூரிக்கு வரும் முன்பே நம்மில் சிலரை உருவாக்கி அனுப்பிய ஒரு இடத்தைப் பற்றியும், அந்த இடத்துக்கு வழி போட்ட ஒரு பெண்மணியைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியது.

முதல் ஆண்டில் ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே கான்வென்ட்டிலிருந்து வந்த பெண்களை ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம். பெட்டி அடுக்கும் விதம், ஆசிரியர் உள்ளே வந்ததும் டக்கென்று எழுந்து நிற்பது, சாய்வில்லாத கையெழுத்து, இவையெல்லாம் எங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். கான்வென்ட் கிளிகள் என்று கேலி பேசியவர்களும் உண்டு. போகட்டும்! வகுப்பில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிக் கேட்க நாங்கள் கூச்சப்பட்டதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். எங்கள் பள்ளியில் பையன்களே கிடையாது. ஆகவே மணி அடிப்பதும் நாங்கள்தான், மேடைக்குப் பெஞ்சு தூக்குவதும் நாங்கள்தான், நாடகத்தில் ராஜா வேஷமும் நாங்கள்தான், சயின்ஸ் லேபில் அடுப்பைப் பற்றவைப்பதும் நாங்கள்தான். ஒதுங்கி நிற்க இடமே இல்லை!

இன்னொன்றும் உண்டு. அது அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. அந்தப் பள்ளியில் தலைமையாசிரியை பெண். கணக்கு வழக்குப் பார்ப்பவர் பெண். கட்டிடம் கட்டும் மேஸ்திரியிடம் நின்று வேலை வாங்குபவரும் ஒரு பெண். ஒரு பெரிய நிறுவனத்தைப் பெண்கள் தாமே நடத்துவதைத் தினமும் கண்ணால் பார்த்து வளர்ந்தோம். அது ஒரு அதிசயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அது அதிசயம்தான். சுமார் 400 வருஷங்களுக்கு முன்னால் இதே காரியத்தைச் செய்ததற்காக ஒரு பெண் சிறையில் அடைக்கப்பட்டாள். அடைத்தவர்கள் வேறு யாருமல்ல, அவள் உயிரினும் மேலாக நேசித்த திருச்சபையேதான். அவர் பெயர் மேரி வார்டு.

ரிப்பன் ஊர்ப் பெண்

சென்னையில் ரிப்பன் மாளிகை இருக்கிறதல்லவா? வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயரால் அமைந்தது. அந்தப் பிரபுவின் பட்டத்துக்குப் பெயர் தந்த ரிப்பன் என்ற சிற்றூர் இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில் உள்ளது. அதன் அருகே மல்வித் என்ற இடத்தில் 1585-ஆம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி மேரி வார்டு பிறந்தார். தந்தை மார்மடூக் வார்டு, தாய் அர்சுலா. நிலபுலன் உள்ள கத்தோலிக்கக் குடும்பம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கராக இருப்பது லேசான காரியமல்ல. முதலாம் எலிசபெத் ராணியின் ஆட்சி. அரசாங்கத் திருச்சபையின் கோவிலுக்குப் போகாதவர்களுக்கு 1581-லிருந்து மாதம் 20 பவுன் அபராதம். நல்ல வசதியான குடும்பங்களையே ஆண்டியாக்கக்கூடிய தொகை அது! கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை. மேரி பிறந்த அடுத்த ஆண்டு, 1586-ல், பக்கத்து யார்க் நகரில் மார்கரெட் கிளித்தரோ என்ற குடும்பப் பெண், குருக்களுக்கு இடமளித்த வழக்கில், உடல்மேல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். மேரியின் பாட்டி அர்சுலா ரைட் தம் மதத்துக்காக மொத்தம் சுமார் 14 ஆண்டுகள் சிறையில் கழித்தவர். சிறுமி மேரி ஐந்து வயது முதல் சில வருஷம் வளர்ந்தது இந்தப் பாட்டியிடம்தான். பெண் என்றால் பயந்தவள் என்ற பாடம் அந்த வீட்டில் சொல்லித்தரப்படவில்லை.

மேரிக்கு 20 வயதாயிருந்தபோது இன்னொரு பேரிடி. 1605-ல் பாராளுமன்றத்தையே வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதியில் அவருடைய தாய்மாமன்கள் இருவர், ஜான் ரைட்டும் கிறிஸ்டோபர் ரைட்டும், சேர்ந்திருந்தனர். பிடிக்க வந்த படையினரின் குண்டுக்கு இருவரும் பலியானார்கள். அதன்பின் கத்தோலிக்கர்மேல் கெடுபிடி இன்னும் இறுகியது.

இதற்கிடையே மேரிக்கு நல்ல நல்ல வரன்கள் வந்தன. அழகும் குடிப்பெருமையும் உள்ள பெண். தகப்பனார் ஆசைப்பட்டார். மேரியோ 15 வயதிலேயே கன்னியாஸ்திரியாவது என்று முடிவு செய்துவிட்டார். உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, தையல் வேலைக்கு நடுவே ஒரு வயதான வேலைக்காரம்மா சொன்ன பழைய மடத்துக் கதைகள் அவர் மனதில் ஆழமாய்ப் பதிந்திருந்தன. கதை கேட்கத்தான் முடியும், போய்ச் சேர மடம் கிடையாது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்திலேயே இங்கிலாந்தின் மடங்கள் அத்தனையும் மூடப்பட்டாயிற்று. கன்னியாஸ்திரியாக வேண்டுமென்றால் கடல் கடந்துதான் போக வேண்டும்.

போனார். 1606-ல், 21 வயதில். ராபர்ட் தெ நொபிலி பாதிரியார் மதுரைக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டு அது. இரண்டு பேரையும் மனதில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இயேசு சபைக் குருவான ஒரு ஆண் கண்டம் விட்டுக் கண்டம் போகலாம், புது மொழி கற்கலாம், பள்ளி நடத்தலாம். அதே ஆர்வமுள்ள ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

மதில் சுவர்

கிடைத்தது ஒரு மதில் சுவர்தான். 1563-ல் முடிந்த திரெந்து பொதுச்சங்கமும், அதைத் தொடர்ந்து 1566-ல் ஐந்தாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் இட்ட ஆணையும், கன்னியாஸ்திரிகள் அனைவரும் மடத்து மதிலுக்குள்ளேயே வாழ வேண்டும் என்று விதித்திருந்தன. உள்ளே போனால் போனதுதான். வெளியாரிடம் பேசுவதும் கம்பி ஜன்னல் வழியேதான். பெண்ணுக்கு இரண்டே வழி, கணவன் அல்லது மதில். மூன்றாவது வழியைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மேரி முதலில் செயின்ட் ஓமர் நகரில் புனித கிளாரா சபையில் சேர்ந்தார். அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த ஊர் அது. இன்று பிரான்சில் உள்ளது. வீடு வீடாகப் போய் மடத்துக்குப் பிச்சை எடுக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. பெரிய வீட்டுப் பெண், முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் இது தன் அழைத்தல் அல்ல என்று உணர்ந்து வெளியேறினார். பிறகு ஆங்கிலேயப் பெண்களுக்கென்றே ஒரு கிளாரா மடம் தொடங்கப் பாடுபட்டார். அது நன்றாக நடக்கத் தொடங்கிய சமயத்தில், 1609-ல், அதையும் விட்டு வெளியே வந்தார். ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம். ஒரு இடத்தில் நிலைக்கத் தெரியாத பெண்!

லண்டனுக்குத் திரும்பிய மேரி ஒருநாள் சீமாட்டி போலவும் மறுநாள் வேலைக்காரி போலவும் உடுத்திக்கொண்டு, மறைவாக வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடிப்போய்த் தைரியம் சொன்னார், மறைக்கல்வி கற்பித்தார். இந்த வேலையில் அவர் ஒன்றைக் கவனித்தார். கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆண்பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்க வைத்தன. செயின்ட் ஓமரில் இயேசு சபையார் 1593-லேயே ஆங்கிலேயப் பையன்களுக்குக் கல்லூரி வைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் விசுவாசத்தைக் காப்பவள் தாய்தான், குருவை ஒளித்து வைப்பவளும் சிறைக்குப் போகிறவளும் அவள்தான். ஆனால் அவளுக்கு மட்டும் படிப்பு வேண்டாமா? இதுதான் மேரி வார்டின் கேள்வி.

அவருடைய நோக்கம் முதன்மையாக மதம் சார்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இக்காலத்துப் பெண்ணுரிமைக்காரராக அவரைச் சித்தரித்தால் அது சரித்திரமாகாது. ஆனால் அந்த நோக்கத்துக்காக அவர் திறந்த கதவு மிகப் பெரிய கதவு.

பள்ளிகள் பிறந்தன

அதே ஆண்டின் இறுதியையொட்டி ஒரு சிறு தோழியர் கூட்டத்துடன் மேரி மறுபடி செயின்ட் ஓமர் வந்தார். வினிஃப்ரட் விக்மோர், மேரி பாய்ன்ட்ஸ், பார்பரா பாப்தார்ப் முதலியோர் அந்த முதல் அணியினர். கூடவே தங்கை பார்பரா வார்டும் இருந்தார். எல்லாரும் இளம் வயது, எல்லாரும் நல்ல குடும்பத்துப் பெண்கள். வீடு ஒன்றை எடுத்துப் பள்ளி தொடங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பெண்களுக்கு விடுதிப் பள்ளி, உள்ளூர்ப் பெண்களுக்கு இலவசப் பகல் பள்ளி.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? மறைக்கல்வி, வாசிப்பு, எழுத்து, தையல், இசை, பிற மொழிகள். இவற்றோடு லத்தீனும்! அங்கேதான் விசேஷம். லத்தீன் அந்தக் காலத்தில் வெறும் ஒரு பாடமல்ல. நம் ஊரில் ஒரு காலத்தில் ஆங்கிலம் இருந்த மாதிரி. இறையியல், சட்டம், மருத்துவம் எல்லாம் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. சாவி ஆண்பிள்ளைகள் கையில் மட்டும். மேரி வார்டு அந்தச் சாவியைப் பெண்பிள்ளைகளிடம் கொடுத்தார். 1627-ல் மியூனிக் பள்ளியில் ஒரு மாணவிக் கூட்டம் லத்தீனில் நன்றாக முன்னேறுகிறது என்று கேள்விப்பட்டு, மகிழ்ச்சியோடு ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார். அத்தனை வேலைக்கு நடுவிலும் பிள்ளைகளின் மார்க் விசாரிக்கிற மதர் மாதிரி!

1611-ல் தன் வழி என்ன என்பது அவருக்குத் தெளிவானது. இயேசு சபையார் எப்படி வாழ்கிறார்களோ அப்படியே பெண்கள் வாழ வேண்டும். மதில் வேண்டாம், எங்கே தேவையோ அங்கே போக வேண்டும். ஆயருக்கோ ஆண்கள் சபைக்கோ கட்டுப்படாமல், தங்களில் ஒருத்தியையே பொதுத் தலைவியாக வைத்துக்கொண்டு, போப்பாண்டவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மதில் தாண்டியது ஒரு குற்றம் என்றால், பெண்களைப் பெண்ணே ஆளலாம் என்றது அதைவிடப் பெரிய குற்றமாகப் போயிற்று.

பள்ளிகள் மளமளவென்று பெருகின. 1616-ல் லியேஜ், பிறகு கொலோன், ட்ரியர். வளர வளர எதிர்ப்பும் வளர்ந்தது. பெண் இயேசு சபைக்காரிகள் என்றும், குதிரை போல ஊர் ஊராய் ஓடும் பெண்கள் என்றும் பட்டப்பெயர்கள். இவர்கள் ஆர்வமெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், என்ன இருந்தாலும் பொம்பளைகள்தானே என்று ஒரு குருவானவர் சொன்னது மேரியின் காதுக்கு எட்டியது. 1617-ல் தன் சகோதரிகளைக் கூட்டி வைத்து அவர் இதற்குப் பதில் அளித்தார். ஆர்வம் குன்றுவது மனிதக் குறையே தவிரப் பெண்ணின் குறை அல்ல, பெண்கள் பெரிய காரியங்கள் செய்யும் காலம் வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தப் பேச்சில் கோபம் குறைவு, நம்பிக்கை அதிகம்.

ரோமாபுரிக்கு நடை

அங்கீகாரம் வேண்டுமென்றால் நேரே ரோமுக்கே போவது என்று மேரி தீர்மானித்தார். 1621 அக்டோபரில் புறப்பட்டு, தோழியர் சிலருடன் யாத்திரிகர் உடையில், பெரும்பாலும் கால்நடையாகவே, குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, டிசம்பர் 24-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ரோம் சேர்ந்தார். இரண்டு மாத நடை! உடல்நலம் வேறு அவருக்கு என்றும் சரியாக இருந்ததில்லை. கல்லடைப்பு நோய் வாட்டிக்கொண்டே இருந்தது.

பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் அன்பாகவே வரவேற்றார். ஆனால் அன்பு வேறு, அனுமதி வேறு. அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் நகராமல் கிடக்கும் அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டுதானே? அதே கதை அங்கும். மேரி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் வேலையைக் கண்ணால் பாருங்கள் என்பது போல, 1622-ல் ரோம் நகரிலேயே ஏழைப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1623-ல் நேப்பிள்ஸ், 1624-ல் பெருஜியா. பிள்ளைகள் வந்தார்கள், அனுமதி வரவில்லை. 1625-ல் ரோம் பள்ளியை மூடும்படி உத்தரவுதான் வந்தது.

ஆல்ப்ஸைத் திரும்பத் தாண்டி ஜெர்மனிக்கு வந்தார் மேரி. பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் 1627-ல் மியூனிக் நகரில் ஒரு பெரிய மாளிகையைக் கொடுத்து ஆதரித்தார். அதே ஆண்டு வியன்னா, மறு ஆண்டு பிரெஸ்பர்க், அதாவது இன்றைய பிராட்டிஸ்லாவா. பத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் இப்படி ஐரோப்பா எங்கும் எழுந்தன.

இந்த இடத்தில் மேரி ஒரு தவறு செய்தார். இல்லங்களை மூடும் உத்தரவுகள் ரோமிலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. இவை போப்பாண்டவருடைய சொந்த உத்தரவு அல்ல, இடையில் உள்ளவர்களின் வேலை என்று நம்பி, 1630 ஏப்ரலில், அவற்றுக்குப் பணிய வேண்டாம் என்று தம் இல்லங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார். தன் பள்ளிகள்மேல் வைத்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடிதமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

எலுமிச்சைச் சாற்றுக் கடிதங்கள்

1631 ஜனவரியில் எட்டாம் அர்பன் போப்பாண்டவர் ஆணை பிறப்பித்தார். சபை அடியோடு கலைக்கப்பட்டது. களையைப் பிடுங்கி எறிவதுபோல என்பார்களே, அந்த ஆணையின் வாசகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இருந்த இடம் போனது, பெயர் போனது. நடுத்தெருவில் நின்ற சகோதரிகள் எத்தனையோ பேர்.

அதே ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி மியூனிக்கில் மேரி வார்டு கைது செய்யப்பட்டார். பதிதை, பிரிவினைக்காரி, கலகக்காரி என்று மூன்று குற்றச்சாட்டு. அவரை அடைத்த இடம் எது தெரியுமா? ஒரு கிளாரா மடம்! எந்தச் சபையில் தன் துறவு வாழ்வைத் தொடங்கினாரோ அதே சபையின் மடத்தில், ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்த ஒரு சிறு அறையில் கைதியானார்.

உள்ளே நோய் முற்றியது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாகப் பொருள்படும் காகிதத்தில் கையெழுத்திட்டால்தான் கடைசித் திருவருட்சாதனங்கள் கிடைக்கும் என்ற நிலை. ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு, அதுவும் சாகக் கிடக்கும்போது, இதைவிடப் பெரிய மிரட்டல் இல்லை. மேரி கையெழுத்திட மறுத்தார். தன் மனச்சாட்சி அறியாத குற்றத்தை ஒப்புக்கொண்டு சாவதைவிடக் கடவுளின் இரக்கத்தை நம்பிச் சாவது மேல் என்று உறுதியாய் நின்றார்.

ஆனால் அழுது புலம்பிக்கொண்டிருக்கவில்லை. வெளியிலிருந்த தோழியர் அனுப்பும் சாமான்களைச் சுற்றி வரும் காகிதத்தில் எலுமிச்சைச் சாற்றால் கடிதம் எழுதி அனுப்பினார்! பார்த்தால் வெறும் காகிதம். அனலில் காட்டினால் எழுத்து தெரியும். நம்மில் பலர் பள்ளி நாளில் விளையாட்டாய்ச் செய்து பார்த்ததுதான். அவருக்கு அது உயிர்நாடி. யாரைப் பார்க்க வேண்டும், என்ன மனு எழுத வேண்டும், பயப்படாதீர்கள், சந்தோஷமாக இருங்கள் என்று சிறைக்குள்ளிருந்தே நிர்வாகம் செய்திருக்கிறார். அந்தக் கடிதங்கள் சில இன்றும் பத்திரமாய் உள்ளன.

சுமார் ஒன்பது வாரத்துக்குப் பின், ஏப்ரலில், ரோமின் உத்தரவால் விடுதலை. 1632-ல் மேரி நேரே ரோமுக்குப் போய், சபையைக் கலைத்த அதே போப்பாண்டவரைச் சந்தித்துத் தான் பதிதை அல்ல என்று முறையிட்டார். அர்பனும் அதை ஏற்றுக்கொண்டார். குற்றம் நீங்கியது, ஆனால் சபை திரும்பவில்லை. கண்காணிப்புக்கு நடுவே, துறவிகளாக அல்லாமல் சாதாரணப் பெண்களாக, ரோமில் சேர்ந்து வாழ மட்டும் அனுமதி கிடைத்தது. திருச்சபையை விட்டு வெளியேறவும் இல்லை, தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நின்று தாங்கிக்கொண்டார். எது கஷ்டம் என்று வாசகர்களே சொல்லுங்கள்!

1639-ல் லண்டன் திரும்பினார். உள்நாட்டுப் போர் மூண்டதால் 1642-ல் வடக்கே சொந்த மண்ணான யார்க்ஷயருக்குப் போனார். யார்க் நகரை அடுத்த ஹீவொர்த் கிராமத்தில் 1645 ஜனவரியில், ஏறக்குறைய 60 வயதில், தோழியர் சிலர் சூழ இறந்தார். கத்தோலிக்கரை அடக்கம் செய்ய இடம் கிடைப்பது கடினம். பக்கத்து ஊரான ஆஸ்பல்ட்விக்கின் ஆங்கிலிகன் பாதிரியார் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு சம்மதித்தார். லஞ்சம் வாங்குமளவுக்கு நேர்மையான மனிதர் என்று தோழியர் அவரை வேடிக்கையாய்ப் புகழ்ந்திருக்கிறார்கள். அவர் கல்லறைக் கல்லில் ஏழைகள்மேல் கொண்ட அன்பைப் பற்றித்தான் பொறித்தார்கள். சபை என்ற வார்த்தையே அதில் வரக்கூடாதே! அந்தக் கல் இன்றும் அவ்வூர்க் கோவிலில் இருக்கிறது.

பெயர் இல்லாத விதை

மேரி இறந்தபோது கையில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். ஆனால் தோழியர் கலையவில்லை. 1686-ல் அவருடைய சபை வழி வந்த பிரான்சிஸ் பெடிங்ஃபீல்டு என்ற அம்மையார் யார்க் நகர வாசலுக்கு வெளியே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். சட்டம் இன்னும் தடை செய்துகொண்டிருந்த காலம். அதனால் மறைவாகத்தான். பின்னால் 1769-ல் அங்கே கட்டிய ஆலயத்தின் குவிமாடம்கூட வெளியே தெரியாதபடி கூரைக்குள் மறைத்துக் கட்டப்பட்டது. பார் கான்வென்ட் என்ற அந்த இல்லத்தை யார்க் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

ரோமில் மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. 1703-ல் சபையின் விதிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1749-ல் ஒரு வினோதமான தீர்ப்பு வந்தது. சபை இருக்கலாம், ஆனால் மேரி வார்டை அதன் நிறுவனர் என்று சொல்லக்கூடாது! பிள்ளை வேண்டும், தாயின் பெயரைச் சொல்லாதே என்பது போல. 1909-ல் பத்தாம் பத்திநாதர் காலத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அவர் இறந்து 264 ஆண்டுகளுக்குப் பிறகு! 2009 டிசம்பரில் பதினாறாம் பெனடிக்ட் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

இதில் நம் நாட்டுக்கு என்ன சம்பந்தம்? உண்டு. பார் கான்வென்ட்டில் படித்த அயர்லாந்துப் பெண் ஒருவர், பிரான்சிஸ் பால். பிற்காலத்தில் மதர் தெரசா பால். தன் பள்ளியைப் போல ஒன்று தன் ஊரிலும் வேண்டும் என்று 1822-ல் டப்ளின் அருகே ராத்ஃபார்னமில் லொரேட்டோ இல்லத்தை நிறுவினார். பழைய மாணவி ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? அங்கிருந்து ஒரு குழு கப்பலேறி 1841 டிசம்பர் கடைசியில் கல்கத்தா வந்து இறங்கியது. 1842 ஜனவரியிலேயே பள்ளி தொடங்கிவிட்டது. இன்னும் 87 ஆண்டுகள் கழித்து, 1929-ல், அதே லொரேட்டோ சபையின் இளம் சகோதரியாகக் கல்கத்தா வந்து, அதன் பள்ளியில் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாகவும் இருந்தவரைத்தான் உலகம் அன்னை தெரசா என்று அறிந்தது. ஆப்பிரிக்காவில் மரங்களை நட்டு 2004-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய், கென்யாவில் லிமுரு என்ற ஊரின் லொரேட்டோ பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 1959-ல் படிப்பை முடித்தவர்.

நம் ஊர்க் கான்வென்ட்டுகள் எல்லாம் மேரி வார்டின் வழி வந்தவை அல்ல. சென்னை ஜார்ஜ் டவுனில் அதே 1842-ல் பள்ளி தொடங்கிய பிரசன்டேஷன் சகோதரிகள் வேறொரு சபை. அவர்களின் நிறுவனர் நானோ நேகிள் என்ற அயர்லாந்துப் பெண்மணி. அவரும் சட்டம் தடுத்த காலத்தில் கார்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியப் பள்ளி நடத்தியவர்தான். சபை எதுவானாலும், கன்னியாஸ்திரி ஒருவர் மதிலுக்கு வெளியே வந்து, கையில் சாக்பீஸோடு பெண்பிள்ளைகள் முன்னால் நிற்கலாம் என்பதை முன்கூட்டியே வாழ்ந்து காட்டி, அதற்கான விலையையும் கொடுத்தவர்களில் மேரி வார்டு முன்னணியில் நிற்பவர்.

நமக்குக் கிடைத்தது என்ன?

பெண்களை மட்டும் தனியே படிக்க வைப்பது நல்லதா, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது நல்லதா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. என் பள்ளி குறையே இல்லாத பள்ளி என்றும் சொல்ல மாட்டேன். ரிப்பன் கட்டவில்லை என்று வெயிலில் நின்ற நாட்கள் எனக்கும் உண்டு! ஆனால் ஒன்று நிச்சயம். இது பையன் வேலை, இது பெண் வேலை என்று பிரிக்காத ஒரு இடத்தில், பெண்களே தலைமை தாங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஆறேழு வருஷம் வளர்ந்த பிள்ளைக்கு, பிற்காலத்தில் ஆபீசிலோ வீட்டிலோ பெண்ணால் முடியாது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். அழுகை வராது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பவே கைகொடுத்திருக்கிறது.

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பெண்கள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பது இன்று சாதாரணம். அப்படிச் சாதாரணமாகத் தோன்றுவதே பெரிய வெற்றி. அதற்காக ஒருத்தி பனிமலையை நடந்து கடந்தாள், இருட்டறையில் எலுமிச்சைச் சாற்றால் எழுதினாள், தன் பெயரையே இழந்தாள். தான் விதைத்தது முளைத்ததை அவள் பார்க்கவில்லை. நாம் பார்க்கிறோம்.

மலர் வெளியாகும் இந்த ஒன்றுகூடல் நாளில், உங்களுக்கு முதன்முதலில் அ, ஆ எழுதக் கைபிடித்த டீச்சரையோ சிஸ்டரையோ ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால், உங்கள் தெருவில் பீஸ் கட்ட முடியாமல் நிற்கும் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். மேரி வார்டு இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.